யாரும் கேட்காத மூன்றாவது புத்தகம்

தொள்ளாயிரம் வயது டிராகன் ஒன்றுக்கு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், வெறும் வாய்ப்பேச்சில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவன் நான். எண்ணூரிலிருந்து கூடூர் வரைக்கும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடுங்கள், இப்படி இன்னொருவன் கிடைக்கமாட்டான். நாயுடுப்பேட்டையில் ஒருவன் இருப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தேன். அது டிராகன் இல்லை, உடும்பு.

ஊரில் இதை யாரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரி கல்பனா, நான் பாதி சொல்வதற்குள் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். போகட்டும். எனக்கு நம்ப வேண்டியவன் ஒரே ஒருவன்தான், உமர் பாரூக். அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், ஓய்வுபெற்ற ஆளுக்கு வேறு என்ன தேகப்பயிற்சி இருக்கிறது!

என் பெயர் துளசிராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டினேன். நான் கொக்கியை இறக்கினால் பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியே வெட்கப்பட்டுச் சிவந்துதான் மேலே வரும். அதே மில்லில் டைம் ஆபீசில் இருந்தவர் ஜெரால்ட். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம், யாருடைய லீவை வெட்டலாம் என்பதெல்லாம் அவர் ராஜ்ஜியம். கேன்டீனில் சமைத்தவள் சின்னப்பொண்ணு. ஓய்வுபெற்ற பிறகு கேட்டுக்கு எதிரிலேயே மெஸ் போட்டு, உள்ளே சாப்பிட்ட அதே ஆட்களை வெளியே கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் அந்த மெஸ்ஸின் ஷட்டர் பாதி இறங்கும். நாங்கள் குனிந்து உள்ளே போவோம். உள்ளே போனதும் கும்மிடிப்பூண்டி கிடையாது. காடு, கோட்டை, பூதம், புதையல்.

இந்த விளையாட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெரால்டின் மகள் ஷைனி. ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் கற்றுக்கொண்டு வந்தாள். ஒன்றும் கஷ்டமில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். “நீங்கள் குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று கதைக்காரர் கேட்பார். செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் மூக்கு உடையும். எங்கள் கதைக்காரர் ஜெரால்ட்.

நான் இரும்பாண்டி. மலைக்குள் வாழும் குள்ளர் குலத்துக் கொல்லன். இடுப்புயரம்தான், ஆனால் தாடி முழங்கால் வரை. ஷைனி மந்திரவாதி. சின்னப்பொண்ணு வைத்தியக்காரி. முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “என் ஆளு வைத்தியம் பாப்பா, சண்ட போடுவா. ஆனா சமைக்கவே மாட்டா. அத்த முதல்ல எழுதிக்கோ ஜெரால்டு.”

உமர் பாரூக்தான் கப்பல் தலைவன் மீரான்.

அவன் பழவேற்காட்டுக்காரன். பொன்னேரியில் ஜவுளிக்கடை. இளைய மகனிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு ரயிலேறி வருவான். வரும்போது சும்மா வருவானா? பழவேற்காட்டு எறா வடை ஒரு தூக்கு நிறைய. ஷட்டருக்கு அந்தப் பக்கம் வாசனை வரும்போதே இந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நானும் எழுந்து நிற்பேன் என்பதுதான் கொடுமை.

வடையை விடுங்கள். அவன் பேச ஆரம்பித்தால் எல்லாரும் டீ கிளாசைக் கீழே வைப்பார்கள். நான் பேச ஆரம்பித்தால் கையில் எடுப்பார்கள். “மீரான் பாய்மரக் கயித்தப் புடிச்சிக்கினு அந்தப் பக்கம் தாவுறான், வாயில கத்தி, கண்ணுல கொள்ளி” என்று அவன் சொன்னால், சின்னப்பொண்ணு நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். அதே தாவலை நான் தாவினால், “பாத்து துளசி, முட்டி வலிக்கப்போவுது” என்பாள்.

பகடையிலும் அப்படித்தான். அவனுடையது, ஷார்ஜாவிலிருந்து அவன் பெரிய பையன் வாங்கி அனுப்பியது. கடல் தண்ணீரைக் கெட்டியாக்கி நறுக்கினது மாதிரி பச்சை, அதில் தங்க எண்கள். என்னுடையது டப்பாவோடு வந்த சிவப்பு, ஒரு முனை உடைந்தது. அவனுடையதில் இருபதாக விழுகிறதே, ஒரு பக்கம் கனமாக இருக்குமோ என்று ஒரு நாள் அவன் கை கழுவப் போன நேரம் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சோதித்தேன். கனமாக இருந்தால் ஒரே எண்தான் மேலே வரும் என்று ஷைனி சொல்லியிருந்தாள். எல்லா எண்ணும் மாறி மாறி வந்தது. அவ்வளவு நேர்மையான பகடை. அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த இடத்தில்தான் புத்தகப் பிரச்சினை வந்து விழுந்தது.

இந்த விளையாட்டுக்கு ஒரு மூலப் புத்தகம் உண்டு. அதில் கடலுக்கு ஒரு பக்கம், மலைக்கு ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். கூடுதல் புத்தகங்கள் தனி. கடலுக்கென்று ஒன்று வாங்கினால் கடல் முந்நூறு பக்கத்துக்கு விரியும். தீவு, திமிங்கிலம், கொள்ளைக்காரர், புயல், கப்பலுக்கு ஆணி அடிக்கிற விதம் வரைக்கும் இருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு புத்தகம்தான் என்று ஜெரால்ட் ஏற்கெனவே முடிவாகச் சொல்லியிருந்தார்.

“படிக்கப்போறது நான். ஒரே வருசத்துல ரெண்டு மெஷின் எறக்குனா ரெண்டும் ஓடாது. ஒண்ணு வாங்குங்க, ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்க, ஒரு வருசம் ஓட்டுவோம்.”

சிப்காட்டில் பழகிய ஆட்களுக்கு இது நியாயமாகப் பட்டது. அந்த ஊரில் எது புதிதாக வந்தாலும் ஆயுத பூஜைக்குத்தான் ஓடத் தொடங்கும். எங்கள் விளையாட்டுக்கும் அதுவே வருஷப் பிறப்பு. சின்னப்பொண்ணு பொரி கொண்டுவருவாள், ஜெரால்ட் சர்ச் முடிந்து வந்து பொட்டு வைப்பார், பாய் பொரியை வடையோடு சேர்த்துத் தின்பான்.

பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போன ஷைனி, அங்கே ஒரு கடையில் இருந்த மூன்று புத்தகங்களின் அட்டையைப் படம்பிடித்து அனுப்பினாள். முதல் அட்டையில் கப்பல். இரண்டாவதில் மலை, மலைக்குள் உலை, உலைக்கு முன்னால் என்னைப் போலவே தாடி வைத்த ஒருவன். சத்தியமாக அது என் மூக்குதான், கம்பெனிக்காரன் எங்கேயோ என்னைப் பார்த்து வரைந்திருக்கிறான். மூன்றாவது அட்டையில் ஒரு கிழவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அரசவை, ஒப்பந்தம், வேலையாட்கள், கூலி, தூது இதெல்லாம் அதில் இருக்கிறதாம். “இது எடுத்த போட்டோல தானா வந்துடுச்சு அங்கிள், விட்டுருங்க” என்றாள் ஷைனி.

ஆக, கடலா மலையா?

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கடல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம், ஐம்பத்திரண்டு ஞாயிறு, மீரானின் கப்பலில் போக வேண்டும். இரும்பாண்டிக்கு நீச்சல் தெரியாது. மூட்டையோடு மூட்டையாக ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டு, பாய் தாவுவதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். எனக்கு அறுபத்திமூன்று வயது. இன்னும் எத்தனை வருஷம் பகடை உருட்டுவேன்? அதில் ஒன்றை அவனுக்குக் கைதட்டிக் கழிப்பதா? ஒரே ஒரு தடவை, அந்த மேசையில் எல்லாரும் எனக்காக டீ கிளாசைக் கீழே வைக்க வேண்டும். அதுவும் அவன் கண்ணெதிரில். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஓட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. ஜெரால்டுக்கு ஓட்டு இல்லை, நடுவர். மீதி நான்கு பேர். நான் உடனே களத்தில் இறங்கினேன்.

சின்னப்பொண்ணுவிடம் போய், “மலைக்குப் போடு” என்றேன்.

“மலையில இன்னா கீது?”

“காத்து.”

“காத்து இங்கயே வருது, கரியோட.”

“சரி, எனக்குப் போடாட்டி போ. ஆனா கடலுக்கு மட்டும் போட்டுராத. உன் கால்ல உழுந்து கேக்குறேன்.”

ஷைனியிடமும் இதையே சொன்னேன். பெங்களூருக்கே போன் போட்டு, “கண்ணு, அங்கிளுக்குப் போடணும்னு இல்ல, பாய்க்குப் போடாம இருந்தா போதும்” என்றேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கடல் செத்தது என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படுபாவியும் அதே வாரம் அதே இரண்டு பேரிடமும் போயிருக்கிறான். அதே பேச்சு. “எனக்குப் போட வாணாம்மா. அந்தத் துளசிக்கு மட்டும் போட்டுராத. மல வந்துச்சுன்னா ஒரு வருசம் அந்தாளு தாடியப் பத்தியே பேசுவான்.” சின்னப்பொண்ணுவுக்கு மட்டும் ஒரு தூக்கு வடை தனியாகப் போயிருக்கிறது.

ஞாயிறு வந்தது. புத்தகத்துக்கு ஒன்றாக மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, பிடித்ததன் அடியில் ஆளுக்கு ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவதுதான் ஓட்டு. ஒருவர் போடும்போது மற்றவர்கள் திரும்பிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ஜெரால்ட் டம்ளரைத் தூக்கினார். கடலுக்கு ஒன்று. மலைக்கு ஒன்று. முத்திரைக் கிழவருக்கு இரண்டு.

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தான்.

“யாரு இந்தக் கெழவனுக்குப் போட்டது?” என்றேன்.

“நீதானேய்யா பாய்க்குப் போடாதன்ன? அவரு உனக்குப் போடாதன்னாரு. ரெண்டு பேரு பேச்சயும் கேட்டேன். நல்லவங்க பேச்சத் தட்டக் கூடாது பாரு” என்று சொல்லிவிட்டு, சின்னப்பொண்ணு ஓட்டுப் போட்ட மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஷைனி கூரையைப் பார்த்தாள்.

“பேஜாரா பூட்ச்சு” என்றான் பாய். அவன் சொன்னதில் நான் முழுமனதாக ஒப்புக்கொண்டது அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

புத்தகம் வந்தது. பொட்டு வைத்தோம், பொரி தின்றோம். ஜெரால்டுக்கு மட்டும் ஆனந்தம். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க வேலையாள் சட்டம். யாரை எத்தனை வருஷத்துக்கு அமர்த்தலாம், கூலி கொடுக்காவிட்டால் என்ன ஆகும், எசமான் செத்தால் ஊழியம் யாரைச் சேரும், எல்லாம் இருந்தது. அதைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மணவறையில் கூட அந்த ஆள் அப்படிச் சிரித்திருக்கமாட்டார்.

எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பாய், “ஜெரால்டு, அந்தப் புக்க இந்த வாரம் குடு, ஒரு தபா பாத்துட்டுத் தர்றேன்” என்று கேட்பது காதில் விழுந்தது. அவன் படித்து நான் படிக்காமல் விடுவதா? அவன் கை நீட்டுவதற்குள் நான் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். வீட்டு மொட்டைமாடியில் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷ் ஒவ்வொரு வரியும் ஒரு இரும்புக் கட்டி கனம். தூக்கினேன். நான் தூக்காத கனமா? ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் தலைகீழாகப் பாராமல் சொல்கிற அளவுக்குப் படித்தேன். சென்னைக்கு இந்தப் பக்கம் அவ்வளவு ஆழமாக அதைப் படித்தவர் யாரும் இல்லை. அந்தப் பக்கமும் இருக்கமாட்டார்கள்.

தை பிறந்தது. டிராகனும் வந்தது.

ஜெரால்ட் மாதக்கணக்கில் ஆசை ஆசையாக வளர்த்த டிராகன். செத்துப்போன ஏதோ ஒரு மன்னரின் புதையலைக் குகையில் காத்துக்கொண்டிருந்தது. அது ஊதிய முதல் மூச்சில் இரும்பாண்டியின் தாடி பாதி போயிற்று. ஷைனியின் மந்திரமெல்லாம் தீர்ந்தது. சின்னப்பொண்ணுவின் மருந்துப் பை காலி. ஆனால் மீரான் மட்டும், அவன் மட்டும்தானே இருப்பான், ஒரு கயிற்றைப் பிடித்துக் குகையின் உச்சிக்கு ஏறி, டிராகனின் தொண்டைக்கு நேர் மேலே, வாயில் கத்தியோடு தொங்கிக்கொண்டிருந்தான். அடுத்த தாவலில் கதை முடியும். எல்லாரும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அஸர் பாங்கு கேட்டது.

“ரெண்டு தெரு தள்ளிதான் பள்ளிவாசல். தொழுதுட்டு வந்து குத்துறேன். நான் வர்றவரைக்கும் யாரும் செத்துராதீங்க” என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து வெளியே போனான். போகிறபோது என் தோளை வேறு தட்டிவிட்டுப் போனான், “தைரியமா இரு நைனா” என்று.

அந்தத் தட்டல்தான். வேறு எதுவும் இல்லை. எனக்கு உள்ளே உலை பற்றிக்கொண்டது. அவன் வருவான், குத்துவான், சின்னப்பொண்ணு நெஞ்சில் கை வைப்பாள். நான் பாதித் தாடியோடு கைதட்டுவேன். கூடாது. அவன் திரும்பி வருவதற்குள் அங்கே குத்துவதற்கு டிராகனே இருக்கக் கூடாது.

“பாய் வர்றவரைக்கும் டீ குடிப்போமா?” என்றார் ஜெரால்ட்.

“இல்ல. இரும்பாண்டி சுத்தியலைக் கீழ வெக்கிறான்” என்றேன். வழக்கம்போல மூன்று பேரும் டீ கிளாசைக் கையில் எடுத்தார்கள். “டிராகன் முன்னாடி போய் நின்னு, ஒரு வணக்கம் போடுறான். அண்ணே, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

ஜெரால்ட் குரலைக் கனமாக்கினார். “அற்பக் குள்ளனே! நான் இந்த மலையின் காவலன்! தொள்ளாயிரம் ஆண்டுகளாக மன்னரின் ஆணைப்படி காக்கிறேன்!”

“வாட்ச் அண்ட் வார்டா? சரி. வாராந்தர லீவு எந்தக் கிழமண்ணே?”

ஜெரால்ட் வாயைத் திறந்தார். நெருப்பு வரவில்லை. “…காவலனுக்கு ஓய்வு ஏது?”

“தொள்ளாயிரம் வருசமும் நைட் ஷிப்டு. அப்ப ஓவர்டைம்?”

இங்கேதான் அது நடந்தது. டிராகனாக இருக்கிறவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு உறுமல், ஒரு ஊதல், இரும்பாண்டி சாம்பல். எந்த ஊர்க் கதைக்காரராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் ஓவர்டைம் என்ற சொல் ஜெரால்டின் காதில் விழுந்ததும், முப்பது வருஷப் பழக்கம் அவரை மீறி எழுந்து உட்கார்ந்தது.

“ஃபோர்மேன் கையெழுத்து இல்லாம ஓவர்டைம் பாஸ் ஆவாது” என்றார்.

டிராகன் போய்விட்டது, டைம் ஆபீஸ் வந்துவிட்டது. அவருக்கே தெரிந்துவிட்டது, நாக்கைக் கடித்தார். விடுவேனா நான்?

“ஃபோர்மேன் யாரு? மன்னரு. மன்னரு செத்து எத்தினி காலம்? அஞ்சாவது சாப்டர் இன்னா சொல்லுது? எசமான் செத்தா ஊழியம் முடியுது. முடிஞ்ச ஊழியத்துக்குக் கூலி பாக்கி. பாக்கி குடுக்க ஆள் இல்லன்னா, காவல் காத்த பொருள்லயே எடுத்துக்கலாம். இருக்குதா இல்லியா?”

“இருக்குது” என்றார் ஜெரால்ட், பலவீனமாக. “ஆனா அந்தப் புக்கு வந்ததே போன ஐப்பசியில. டிராகன் அதுக்கு முன்னாடியே வேலைக்குச் சேந்துது. பழைய ஆளுக்குப் புது ரூல் செல்லாது.”

“ஏன்யா, நம்ம மில்லுல சம்பள ஒப்பந்தம் என்னிக்காவது கையெழுத்தான தேதியில இருந்து வந்துச்சா? ரெண்டு வருசம் முன்தேதி போட்டு அரியர்ஸோடதான வந்துச்சு! நமக்கு ஒரு நியாயம், டிராகனுக்கு ஒரு நியாயமா?”

சின்னப்பொண்ணு மெதுவாக எழுந்து நின்றாள். “ஜெரால்டு, ஒண்ணு கேக்குறேன். அந்த நைட் ஷிப்டுக்கு அதுக்கு டீ குடுத்தாங்களா?”

“…இல்ல.”

“தொள்ளாயிரம் வருசமா ஒரு டீ இல்லியா!” அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. “நீங்கள்லாம் மனுசங்களாய்யா?”

“நான் டிராகன்” என்றார் ஜெரால்ட் பரிதாபமாக.

“சேஃப்டி ஷூவும் குடுக்கல போலருக்கு டாடி. நாலு காலு” என்றாள் ஷைனி.

“பாக்கிய எடுத்துக்கிட்டுக் கௌரவமா வெளிய போங்கண்ணே. விருப்ப ஓய்வு. எவனும் உங்களக் குத்தத் தேவையில்ல” என்று நான் முடித்தேன். முடித்ததும் கவனித்தேன். மூன்று பேருடைய டீ கிளாசும் கீழே இருந்தது.

ஜெரால்ட் நெற்றியைத் துடைத்தார். “டிராகனப் பேசி மடக்குறது லேசு இல்ல. இருபது உழணும். இருபதேதான். பத்தொம்போது உழுந்தாலும் நீ சாம்பல்.”

என் சிவப்புப் பகடையை எடுத்தேன். உருட்டினேன். அது மேசையை மூன்று சுற்றுச் சுற்றி, சாம்பார் வாளியில் மோதி, சுவரில் ஏறி, மின்விசிறியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நின்றது. சரி, மின்விசிறியைத் தொடவில்லை. ஆனால் இருபது. உடைந்த முனையைக் கீழே ஊன்றி, இருபதை மேலே காட்டிக்கொண்டு நின்றது. சின்னப்பொண்ணு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஒரு கை இல்லை, இரண்டு கை!

கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்கு அடியில் தொப்பி தெரிந்தது. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பச்சைப் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதினான்.

“ஆ, மீரான் கயித்த உடுறான். எங்க நைனா டிராகன்?”

“ரிட்டயர் ஆயிடுச்சு” என்றேன்.

அடித்துவிட்டேன். உலகத்தில் அதைவிட இனிப்பான ஒரு சொல்லை நான் சொன்னதில்லை. ஆனால் அவன் சிரித்தான். நம்பாத சிரிப்பு.

நான் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். டிராகன் என் காலில் விழுந்ததையும், அதன் கண்ணீரில் குகை முழங்கால் அளவு நிரம்பியதையும், பகடை மின்விசிறியைத் தொட்டதையும் சொன்னேன். சின்னப்பொண்ணு தன் பங்குக்கு, டிராகன் நாலு டீ குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

“நல்லாக் கட்டுறீங்கபா” என்றான் பாய். “தொழுவப் போன ஆள ஏமாத்தணும்னு நாலு பேரும் சேந்து பேசி வெச்சிக்கினீங்க. ஜெரால்டு, நீயுமா? நான் சார்ஜ் எடுக்கமாட்டேன்.”

சார்ஜ் எடுப்பது என்று ஒன்று உண்டு. இது எங்கள் மேசையின் சட்டம். ஷிப்டு ஆட்கள் பழக்கத்தில் வந்தது. மில்லில் அடுத்த ஷிப்டுக்காரன் வந்து, மெஷினைப் பார்த்து, “சரி, எடுத்துக்கிட்டேன்” என்று சொன்னால்தான் முந்தின ஷிப்டின் வேலை வேலை. அவன் சொல்லாதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் விளையாட்டிலும் நடுவில் எழுந்து போனவர் திரும்பி வந்து சார்ஜ் எடுத்தால்தான் இடையில் நடந்தது செல்லும். அவன் எடுக்கமாட்டேன் என்றால் டிராகன் மறுபடியும் உள்ளே. மீரான் கயிற்றில். குத்துவான். என் இருபது காற்றோடு போச்சு.

“சத்தியமா நடந்துச்சு பாய்!” என்றேன்.

“நீ சத்தியம் பண்ணா அது நடக்கலன்னு அர்த்தம். சோழவரம் ரேஸுல காரத் தூக்கித் தோள்ல வெச்சிக்கினு ஓடி ஜெயிச்சேன்னு சொன்ன ஆளாச்சே நீ.”

ஜெரால்ட் தலை குனிந்து டம்ளரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆசையாக வளர்த்த டிராகனை ஒரு ஓவர்டைம் பேச்சில் விட்டுக்கொடுத்த வெட்கம்.

ஷைனிதான் பேசினாள். “அங்கிள் எல்லாம் சொன்னாரு, ஒண்ணு உட்டுட்டாரு. அது போறப்போ குகை வாசல்ல நின்னு திரும்பிப் பாத்து ஒண்ணு கேட்டுச்சு.”

நான் விட்டுத்தான் இருந்தேன். அதில் என் பெருமை எதுவும் இல்லையே!

“இன்னா கேட்டுச்சு?” என்றான் பாய்.

“நாளைக்குக் காலையில நான் எத்தினி மணிக்கு எழுந்துக்கணும்னு கேட்டுச்சு.”

பாயின் உள்ளங்கையில் பகடை உருளுவது நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. இவ்வளவும் செய்த என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை! ஜெரால்டைப் பார்த்தான். ஜெரால்ட் ஏற்கெனவே பளபளவென்று இருந்த டம்ளரை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்று இரண்டாவது வருஷம். கல்லாவைப் பையனிடம் கொடுத்த பிறகும் பாய் தினம் காலையில் கடைப் பூட்டைத் திறக்க எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று அவன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“ஜெரால்டு, அதுக்கு இன்னா பதில் சொன்னாங்க?” என்றான்.

“யாரும் ஒண்ணும் சொல்லல பாய். தெரியல யாருக்கும்” என்றார் ஜெரால்ட், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் ஐந்தாம் அத்தியாயம், என் அரியர்ஸ், என் இருபது எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, டிராகன் குரலில் ஜெரால்ட் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி போய் அவனுக்குள் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஜெரால்ட் மேலும் எரிய ஆரம்பித்தது.

பாய் கயிற்றை விடுவது போலக் கையை மெதுவாகக் கீழே இறக்கினான். தூக்கைத் திறந்து, கடைசி எறா வடையை எடுத்து, என் முன்னால் நகர்த்தினான்.

“இது இந்தாளு கட்ன கத இல்ல. இவன் கட்டியிருந்தா டிராகன் இவன் பேரச் சொல்லிக்கினே போயிருக்கும்” என்றான். பிறகு வாயில் வராத சொல்லை இழுத்து வெளியே போடுகிறவன் மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

“சரி, எடுத்துக்கிட்டேன். நடந்துச்சுயா துளசி. நடந்துச்சு.”